ஃப்ளூ ஊசியை நம்ம பக்கம் எந்த மாசம் போடணும்: சாரலுக்கு முன்னயா, ஐப்பசி மழைக்கு முன்னயா?

#1 பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். எங்க அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு, சர்க்கரையும் உண்டு. இந்த வருஷம் அவங்களுக்கு ஃப்ளூ ஊசி போட்டுரணும்னு விசாரிச்சா ஆளுக்கொரு மாசம் சொல்லுதாங்க. தென்காசியில அண்ணன் பிள்ளைக்குப் பாக்கிற குழந்தை டாக்டர், "மே முடியறதுக்குள்ள போட்டுருங்க"ன்னாரு. இங்க பாளையில மருந்துக்கடை அண்ணாச்சி, "புது மருந்து செப்டம்பர் வாக்குல வரும், பொறுங்க"ங்காரு. ரெண்டு பேரு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. அதைத்தான் இங்க பேசணும்னு நினைக்கேன்.

நான் பள்ளிக்கூடத்துல உயிரியல் சொல்லிக்குடுக்கிறவ. படிச்சுத் தெரிஞ்சுகிட்டது இது: உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு தடவை கூடி, ஊசியில எந்தெந்த வகை வைரஸ் இருக்கணும்னு சொல்லுது. பிப்ரவரியில வட அரைக்கோளத்துக்கு, செப்டம்பர்ல தென் அரைக்கோளத்துக்கு. வரைபடத்துல நாம வட அரைக்கோளம். ஆனா ஐரோப்பாவுல மாதிரி பனிக்காலத்துல மட்டும் ஃப்ளூ இங்க ஏறுறது இல்ல, மழையோட ஏறுது. 2009-க்குப் பிறகு நாட்டுல பல ஊர்ல சளி மாதிரி எடுத்துப் பாத்த ஆய்வுல, ஸ்ரீநகர்ல ஜனவரி முதல் மார்ச் வரை, டெல்லி, புனே, கொல்கத்தாவுல ஜூலை முதல் செப்டம்பர் வரை, சென்னை, வேலூர்ல அக்டோபர், நவம்பர்ல உச்சம்னு கண்டிருக்காங்க.

நம்ம பக்கத்தை இதுல எங்க வைக்கிறது? செங்கோட்டை, குற்றாலம் ஆனி ஆடியில சாரல்ல நனையும்போது திசையன்விளை, ராதாபுரம் பக்கம் காத்தும் புழுதியும்தான். கீழ்த்திசைக்காரங்களுக்கு மழைன்னா ஐப்பசி, கார்த்திகை. 2019-ல தென்காசி தனி மாவட்டமாப் பிரியற வரைக்கும் ஒரே மாவட்டமா இருந்த நிலத்துக்குள்ளயே ரெண்டு மழைக்காலம். சென்னைக்குச் சொன்ன மாசத்தை அப்படியே தூக்கிட்டு வந்து இலஞ்சியில வைக்க முடியாதுங்கிறது என் எண்ணம். ஊசி மாசத்தை அந்தந்தப் பக்கத்து மழையை வச்சுத்தான் முடிவு பண்ணணும். அதுக்குச் சாட்சி நம்ம ஊர்லயே எடுக்கிற சளி மாதிரியா இருக்கணும்.

விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 மழைக்கால_மருத்துவர் (திருநெல்வேலி டவுண்)

டீச்சர், கேள்வி சரியான இடத்துல வந்திருக்கு. என் அனுபவத்தையும் சேத்துச் சொல்லுதேன்.

ஊசி போட்டு எதிர்ப்பொருள், அதாவது கிருமியைப் பிடிக்க உடம்பு செய்யிற புரதம், நல்லா ஊறுறதுக்கு ஏறத்தாழ ரெண்டு வாரம் ஆகும். பெறவு மாசம் போகப்போக அது இறங்கும், வயசானவங்களுக்கு இன்னும் வேகமா இறங்கும். அதனால ரொம்ப முன்னக்கூடியும் போடக்கூடாது, காய்ச்சல் தெருவுக்கு வந்த பெறவும் போடக்கூடாது. தென்காசி, செங்கோட்டை, கடையம், பாபநாசம் பக்கத்து ஆளுங்களுக்கு நான் மே மாசம் சொல்லுதேன். பாளை, நாங்குநேரி, வள்ளியூர்க்காரங்க உங்க அம்மா மாதிரி இருந்தா செப்டம்பர். ஆனா ஒண்ணு. உங்க அம்மா அடுத்த மாசமே தென்காசியில அண்ணன் வீட்டுல போய் இருக்கப்போறாங்கன்னா இப்பவே போட்டுருங்க. ஆள் எங்க இருக்கப்போறாங்களோ அந்த ஊர் மழைதான் கணக்கு.

ரெண்டு அரைக்கோளத்து மருந்துலயும் பல வருஷம் ஒரே வகைகளோ ரொம்ப நெருங்கின வகைகளோதான் இருக்கும். அதனால பேரைப் பாத்துப் பயப்பட வேண்டாம். பெட்டியில இருக்கிற காலாவதித் தேதியையும், எந்த ஆண்டுக்கான மருந்துங்கிறதையும் பாருங்க. போன ஆண்டு மிச்சத்தை வாங்காதீங்க.

இன்னொரு சங்கதி, "மழை போயிட்டு, இனி ஃப்ளூ இல்ல"ன்னும் இருக்க முடியாது. 2015-ல நாடு முழுக்க எச்1என்1, அதான் பன்றிக்காய்ச்சல்னு சொன்ன ஃப்ளூ, அடிச்சது வருஷ ஆரம்பத்துல, ஜனவரி முதல் மார்ச் வரைக்கும். அந்த வருஷம் பதிவானது 42 ஆயிரத்துக்கு மேல, இறந்தவங்க ஏறத்தாழ 3 ஆயிரம். மாசம் தவறிப்போனவங்க "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்"னு விட்டுராம அப்பவே போட்டுக்கிறது நல்லது.

#3 சாரல்காற்று (இலஞ்சி)

டாக்டர் ஐயா, மனசுல பட்டதைச் சொல்லிருதேன், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஆயிரத்துக்கு மேல குடுத்து ஊசி போட்டேன். ஆடி மாசமே படுத்துட்டேன், ஒரு வாரம் எந்திரிக்க முடியல. எங்க தெருவுல ஊசி போடாதவன் நல்லாத்தான் இருந்தான். அப்ப இந்த ஊசியால என்ன பிரயோசனம்?

ரெண்டாவது, எங்க ஊருக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கு. சாரல் விழுந்துட்டா மதுரை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம்னு எல்லா ஊர் வண்டியும் குற்றாலத்துல வந்து நிக்கும். மெயின் அருவியில ஆளோட ஆள் உரசிக்கிட்டுத்தான் குளிக்கணும். ஈரத்துணியோட டீக்கடையில நெருக்கி நிப்பாங்க, லாட்ஜ்ல ஒரு ரூம்ல எட்டு பேர் படுப்பாங்க. எந்த ஊர்க் காய்ச்சலும் எங்களுக்கு முதல்ல வந்துருது. கடை வச்சிருக்கிறவன் சீசன்ல கடையை மூடவும் முடியாது. எங்களுக்கு என்ன வழி சொல்லுதீங்க?

#4 மழைக்கால_மருத்துவர் (திருநெல்வேலி டவுண்)

சாரல்காற்று அண்ணாச்சி, நியாயமான கேள்விதான்.

முதல்ல, உங்களுக்கு வந்தது ஃப்ளூதானான்னு சளி எடுத்துப் பாத்தாங்களா? நம்ம பக்கம் மழைக்காலத்துல டெங்கு இருக்கு, எலிக்காய்ச்சல் இருக்கு, மலையடிவாரத்துல உண்ணிக்காய்ச்சல் இருக்கு, சளியோட வாரதுலயே பத்துப் பதினஞ்சு வேற வைரஸ் இருக்கு. ஃப்ளூ ஊசி ஃப்ளூவை மட்டும்தான் தடுக்கும். மத்ததுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

வந்தது ஃப்ளூவேதான்னு வச்சுக்குவோம். ஊசியில இருக்கிற வகையும் ஊர்ல சுத்துற வகையும் நல்லாப் பொருந்தின வருஷத்துலயே, டாக்டர்கிட்ட போற அளவுக்கு வர்ற ஃப்ளூவை நூத்துக்கு 40 முதல் 60 வரைக்கும்தான் குறைக்கும். பொருந்தாத வருஷம் இன்னும் கம்மி. இந்த வைரஸோட மேல்தோல்ல இருக்கிற புரதம் ஒவ்வொரு தடவை பெருகும்போதும் கொஞ்சங் கொஞ்சமா மாறுது. போன வருஷத்து எதிர்ப்பொருள் இந்த வருஷத்து வைரஸை அடையாளம் கண்டுபிடிக்கத் திணறுது. ஃப்ளூவுல எச்3என்2-ங்கிற வகைக்கு இன்னொரு தொல்லை, கோழிமுட்டையில வளத்துத் தயாரிக்கும்போது முட்டைக்கு ஏத்தமாதிரி அதுவே கொஞ்சம் மாறிக்கிடும். அதனாலதான் முட்டை இல்லாம உயிரணுக்கள்ல வளத்த மருந்து, மரபணுவை வச்சு நேரடியா புரதம் செஞ்ச மருந்துன்னு வந்துகிட்டு இருக்கு. அந்தப் புரதத்துல வருஷா வருஷம் மாறாத தண்டுப்பகுதியைக் குறிவச்சு, எல்லா வகைக்கும் ஒரே ஊசின்னு ஆராய்ச்சி ரொம்ப காலமா ஓடுது. அது இன்னும் கைக்கு வரல.

அப்ப ஏன் போடச் சொல்லுதேன்? ஐ.சி.யூ.வுல வெண்டிலேட்டர் போட்டுக் கிடந்த கர்ப்பிணிப் பொண்ணைப் பாத்தவன் நான். உலகம் முழுக்க வருஷத்துக்கு 2 லட்சத்து 90 ஆயிரம் முதல் 6 லட்சத்து 50 ஆயிரம் பேர் ஃப்ளூவால மூச்சு நோய் வந்து சாகிறதா உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுது. ஊசி போட்டும் ஃப்ளூ வந்தவங்கள்ல தீவிரமாகிறவங்க குறைவு. வீட்டுல ஒரு வாரம் படுத்து எந்திரிச்சுட்டீங்கல்ல, அதுலயும் ஊசிக்குப் பங்கு இருந்திருக்கலாம்.

சீசன் கடைக்காரங்களுக்கு நான் சொல்றது: மே மாசம் ஊசி. கடையில ரெண்டு பக்கமும் காத்து போக வழி. இருமுறவன்கிட்ட முகக்கவசம் போடச் சொல்லத் தயங்காதீங்க. 2020, 21-ல முகக்கவசமும் ஊரடங்கும் இருந்தப்ப உலகம் முழுக்க ஃப்ளூ கிட்டத்தட்ட காணாமலே போச்சு. ஃப்ளூவுல ஏ, பி-ன்னு வகை உண்டு, அதுல பி வகையில யமகட்டான்னு ஒரு கிளை, 2020 மார்ச்சுக்குப் பெறவு எங்கயுமே உறுதியா அகப்படல. அதனாலதான் நாலு வகை இருந்த ஊசியை மறுபடியும் மூணு வகையாக்கச் சொன்னாங்க. வாயை மூடி இருமினா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி எனக்குத் தெரியாது.

#5 ஐஸ்பெட்டி (மகாராஜநகர்)

சளி மாதிரி பத்திப் பேச்சு வந்ததால நானும் உள்ள வாரேன். வைரஸ் லேப் வேலை எனக்குப் பழக்கம்.

மூக்குலயும் தொண்டையிலயும் குச்சி விட்டு எடுத்ததை ஊட்டத்திரவம் இருக்கிற குப்பியில போட்டு மூடுவோம். அந்தக் குப்பி ஐஸ் பெட்டியிலயே வரணும். மானூர்லயோ ஏர்வாடியிலயோ எடுத்துட்டு வெயில்ல பைக்ல சும்மா கொண்டுவந்தா வைரஸோட மரபுப்பொருளான ஆர்.என்.ஏ. சிதைஞ்சுரும். இருந்த வைரஸ் இல்லாத மாதிரி காட்டும். எடுக்கிற நாளும் முக்கியம். காய்ச்சல் வந்த முதல் மூணு நாலு நாளைக்குள்ள எடுத்தாத்தான் நல்லா அகப்படும். ஒரு வாரம் மருந்துக்கடை மாத்திரையில ஓட்டிட்டு, மூச்சு முட்டுன பெறவு வாராங்க. அப்ப எடுத்தா பல சமயம் ஒண்ணும் வராது.

லேப்ல பி.சி.ஆர்.ல, அதாவது மரபுப்பொருளைப் பெருக்கிப் பாக்கிற சோதனையில, முதல்ல ஏ வகையா பி வகையான்னு பாப்போம். ஏ-ன்னா அதுல எச்1என்1-ஆ எச்3என்2-ஆன்னு பிரிப்போம். இதோட எங்க வேலை முடியும். ஆனா அந்தக் குப்பியோட பயணம் அங்க நிக்கக்கூடாது. இப்படிப் பல ஊர்ல அகப்பட்ட வைரஸ்ல கொஞ்சம் புனே தேசிய வைரஸ் ஆய்வு நிறுவனத்துக்குப் போகும். அதுதான் நம்ம நாட்டு தேசிய இன்ஃப்ளூயன்சா மையம். அங்க வளத்து, மரபணுவைப் படிச்சு, அதுல இருந்து சிலது அட்லாண்டா, லண்டன், மெல்போர்ன், டோக்கியோ, பெய்ஜிங்ல இருக்கிற உலக சுகாதார நிறுவனத்தோட கூட்டு மையங்களுக்குப் போகும். அங்க ஃபெரட்டுன்னு கீரி மாதிரி ஒரு பிராணிக்குத் தொற்று உண்டாக்கி, அதோட ரத்தத்துல வர்ற எதிர்ப்பொருள் புது வைரஸைப் பிடிக்குதா இல்லையான்னு பாப்பாங்க. பிடிக்கலைன்னா ஊசியை மாத்தணும்னு அர்த்தம். 1952-ல தொடங்கின வலை இது, இன்னிக்கு நூத்துக்கு மேலான நாடுகள் இருக்கு. ஃப்ளூவை மனுசன்கிட்ட இருந்து முதல்முதல்ல பிரிச்சு எடுத்ததும் ஃபெரட்டை வச்சுத்தான். 1933, லண்டன்ல, ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா மூணு பேரும். பெறவு அந்த லேப்ல ஒரு ஃபெரட் ஆய்வாளர் முகத்துலயே தும்மி அவருக்கும் காய்ச்சல் வந்திருக்கு.

இப்ப டீச்சர் சொன்ன விஷயத்துக்கு வாரேன். வைரஸுக்குப் பேர் வைக்கிறது அது அகப்பட்ட ஊரை வச்சு. 2022-ல ஊசியில இருந்த எச்3என்2 பேரு ஏ/டார்வின்/9/2021. டார்வின் ஆஸ்திரேலியாவுல வடக்கு ஓரத்துல இருக்கிற சின்ன ஊரு, நம்ம திருநெல்வேலியைவிடச் சனம் குறைவு. அந்த ஊர்ல ஒருத்தர் குச்சி வைக்க மூக்கைக் காட்டுனதால அந்த வைரஸ் உலகத்துக்கே ஊசியா வந்துச்சு. ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜ்ல வைரஸ் லேப் இருக்கு, கொரோனா நேரத்துல ராப்பகலா ஓடுன லேப் அது. இயந்திரம் இருக்கு, படிச்ச பிள்ளைங்க இருக்காங்க. வள்ளியூர்ல இருந்தும் கடையத்துல இருந்தும் வருஷம் பூரா, வாரா வாரம் ஒரே அளவுல மாதிரி வந்தா ரெண்டு மழைக்கும் கிராஃப்ல ரெண்டு கோடு போட்டுக் காட்டிரலாம். கூட்டமா காய்ச்சல் வந்த பெறவு மட்டும் எடுத்தா அந்தக் கோடு வராது.

#6 கடையநல்லூர்ப்_பேரன் (கடையநல்லூர்)

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். ஃப்ளூவும் நம்ம சனமும்னா எனக்கு ஒரு கப்பல் ஞாபகம் வரும். எஸ்.எஸ். ராஜுலா.

எங்க ஊர்லயும் தென்காசியிலயும் சிங்கப்பூர், பினாங்கு போகாத குடும்பம் அபூர்வம். எங்க பாட்டனாரும் அதுலதான் போய்வந்தாங்க. 1957 மே 16-ம் தேதி அந்த ராஜுலா சிங்கப்பூர்ப் பக்கம் இருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்தப்ப, கப்பல்லயே நிறைய பேருக்குக் காய்ச்சல். அதுக்கு முன்னால சீனாவுல தொடங்கி ஹாங்காங், சிங்கப்பூர்னு பரவிட்டு வந்த ஆசிய ஃப்ளூ, எச்2என்2, இந்தியாவுக்குள்ள அப்படித்தான் வந்துச்சு. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துல அப்பவே ஒரு இன்ஃப்ளூயன்சா மையம் இருந்துச்சு. அங்க இருந்த ஐ. ஜி. கே. மேனன் இந்த வரலாற்றை 1959-ல உலக சுகாதார நிறுவன இதழ்ல எழுதியிருக்காரு. அடுத்த பிப்ரவரி வரைக்கும் நாட்டுல பதிவானவங்க 44 லட்சத்துக்கு மேல, இறந்தவங்க ஆயிரத்துச் சொச்சம். பதிவாகாதவங்க எவ்வளவோ.

நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. அதே 1957 ஏப்ரல்ல அமெரிக்காவுல மாரிஸ் ஹில்மன்னு ஒருத்தர், ஹாங்காங்ல ஆஸ்பத்திரி வாசல்ல சனம் வரிசையில நிக்குதுன்னு பத்திரிகைச் செய்தியைப் பாத்திருக்காரு. உடனே அங்க இருந்து மாதிரி வரவழைச்சு, வைரஸ் புதுசுன்னு கண்டுபிடிச்சு, கம்பெனிகளை முடுக்கி அந்த வருஷக் கடைசிக்குள்ள 4 கோடி டோஸ் ஊசி செய்ய வச்சாரு. முட்டை வேணும்னு சேவல்களை அறுக்காம வைக்கச் சொன்னாராம். 1918-ல இது எதுவுமே முடியாது. அப்ப இது வைரஸ்னே தெரியாது, ஒரு பாக்டீரியா தலையில பழியைப் போட்டுட்டு இருந்தாங்க. இந்தியாவுல ஒரு கோடிக்கு மேல செத்தாங்க. 1911-க்கும் 1921-க்கும் நடுவுல நாட்டோட சனத்தொகையே குறைஞ்சுபோச்சு.

இன்னிக்கு ராஜுலா இல்ல. சிங்கப்பூர்ல ராத்திரி ஏறுனா விடியறதுக்குள்ள திருச்சியிலயோ மதுரையிலயோ இறங்கி மத்தியானச் சோத்துக்கு ஊருக்கு வந்துருதோம். அதனால ஐஸ்பெட்டி தம்பி சொன்ன வாராந்திர மாதிரியில, வெளிநாட்டுல இருந்து வந்து காய்ச்சல்ல படுக்கிறவங்களையும் சேக்கணும். ஹஜ், உம்ரா போறவங்களுக்கு எங்க ஜமாத்துல சொல்லி, புறப்படறதுக்கு ரெண்டு வாரம் முன்ன ஊசி போடச் சொல்லுதோம். போய்ட்டு வந்து இருமுறவங்களையும் அதே அக்கறையோட கவனிக்கணும்.

#7 மூலிகைத்தோட்டம் (பாளையங்கோட்டை)

சித்த மருத்துவம் படிக்கிறேன். நிலவேம்புக் குடிநீர் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள் என்று தெரியும்.

நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது அது. காய்ச்சலுக்கு நம் மரபில் உள்ள மருந்து. 2012-இல் டெங்கு பரவியபோது அரசே ஊர் ஊராகக் கொடுத்தது. உடல்வலிக்கும் காய்ச்சலுக்கும் மருத்துவர் மேற்பார்வையில் கொடுக்கிறோம். ஆனால் அதை ஃப்ளூ ஊசிக்குப் பதிலாக நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஊசி செய்கிற வேலை வேறு. எங்கள் மருந்தின் மேல் எனக்கு மதிப்பு இருப்பதால்தான், ஃப்ளூ என்று பி.சி.ஆர். செய்து உறுதியானவர்களிடம் அதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன். மெடிக்கல் காலேஜும் சித்த மருத்துவக் கல்லூரியும் ஒரே ஊரில்தானே இருக்கின்றன.

அன்னாசிப்பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் ஃப்ளூவுக்குக் கொடுக்கும் டாமிஃப்ளூ மருந்தைக் குடித்த மாதிரி என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அன்னாசிப்பூவில் உள்ள சிகிமிக் அமிலம் டாமிஃப்ளூ தயாரிக்கத் தொடக்கப்பொருள், அது உண்மை. ஆனால் பல வேதிவினைகளைத் தாண்டித்தான் அது மருந்தாகிறது. பிரியாணிக்குப் போடுங்கள், காய்ச்சலுக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

#8 முக்கூடல்_செவிலி (முக்கூடல்)

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் எழுதியிருக்கீங்க, படிக்க சந்தோஷமா இருக்கு. நான் வீடு வீடாப் போறவ. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

எங்க பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்க அதிகம். தட்டை மடியில வச்சுக்கிட்டு நாலஞ்சு பேரு ஒரே திண்ணையில, ஒரே முன்ரூம்ல உக்காந்துதான் சுத்துவாங்க. புகையிலைத் தூசியில பாதிப் பேருக்கு ஏற்கெனவே இளைப்பு, இருமல். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தா வேலையை விடமாட்டா, ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி, சுத்தலைன்னா அன்னிக்குக் காசு இல்ல. பக்கத்துல இருக்கிற மத்தவங்களுக்கும் வரும். வீட்டுல மாமியாருக்கு வரும். "அக்கா, கடையில ஒரு செட் மாத்திரை வாங்கிக்கிட்டேன்"ம்பா. அந்த செட்டுல என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாத்தா ஒரு அசித்ரோமைசின் கட்டாயம் இருக்கும். வைரஸுக்கு அது கேக்காதுன்னு சொன்னாலும், "போன தடவை அதுலதான் சரியாச்சு"ம்பா. அது தானா சரியாகியிருக்கும். 2023-ல எச்3என்2 பரவுனப்ப இந்திய மருத்துவச் சங்கமே ஆன்டிபயாட்டிக்கை இப்படி அள்ளிக் குடுக்காதீங்கன்னு சொன்னாங்க. அந்த மார்ச் 10-ம் தேதி தமிழ்நாடு முழுக்க ஆயிரம் இடத்துல காய்ச்சல் முகாம் போட்டாங்க. முகாம் நல்லதுதான். ஆனா கூலிக்காரி பகல்ல முகாமுக்கு வரமாட்டா. நாமதான் திண்ணைக்குப் போகணும்.

என் யோசனை இது. மக்களைத் தேடி மருத்துவத்துல சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குறவங்க பட்டியல் ஒவ்வொரு ஊருக்கும் கையில இருக்கு. யாரு வீடு எதுன்னு எங்களுக்குத் தெரியும். கர்ப்பிணிப் பட்டியலும் எங்ககிட்டதான். ஃப்ளூ ஊசி யாருக்கு முதல்ல வேணுமோ அவங்க எல்லாரும் இந்த ரெண்டு நோட்டுலயும் ஏற்கெனவே இருக்காங்க. ஊசியை ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுல வச்சுக் கொண்டுபோறது எங்களுக்குப் புதுசு இல்ல, பிள்ளைங்க ஊசி எல்லாம் அப்படித்தான கொண்டுபோறோம். உறைஞ்சுபோன ஊசியைப் போடக்கூடாதுங்கிறதும் தெரியும். மருந்து மட்டும் வரணும்.

வீட்டுல இருக்கிற பொம்பளைங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான். காய்ச்சலும் இருமலும் வந்தா அன்னிக்குத் தட்டைத் தூக்கிக்கிட்டு முத்தத்துல தள்ளி உக்காருங்க. வீட்டுல கர்ப்பிணி, சர்க்கரைக்காரங்க, ரெண்டு வயசுக்குள்ள பிள்ளை இருந்து அவங்களுக்குக் காய்ச்சல் வந்தா முதல் நாளே எனக்குச் சொல்லுங்க. டாமிஃப்ளூ மாத்திரை 48 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும். மூச்சு வாங்குறது, நெஞ்சுவலி, சளியில ரத்தம், நகம் நீலமாகிறது, ஆள் மயங்கி மயங்கி விழறது, பிள்ளை பால் குடிக்காம துவண்டு கிடக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் நேரா பெரிய ஆஸ்பத்திரி. பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது, ஃப்ளூ நேரத்துல அது மூளையையும் ஈரலையும் தாக்கும்.

#9 வரவுசெலவு (என்.ஜி.ஓ. காலனி)

செவிலி அக்கா சொல்றதை மதிக்கிறேன். ஆனா ஒரு மறுப்பு. அரசுப் பணம் அளவுள்ளது. டிபி இருக்கு, டெங்கு இருக்கு. நூத்துக்கு அம்பது காக்கிற ஊசியை வருஷா வருஷம் வாங்கணும்னா அது முடிவில்லாத செலவு. அந்தப் பணத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆக்ஸிஜனும் இன்னொரு டாக்டரும் வந்தா ஃப்ளூவுக்கும் ஆகும், மத்த எல்லாத்துக்கும் ஆகும். தேசியத் தடுப்பூசித் திட்டத்துல ஃப்ளூ ஊசி இன்னும் சேராததுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கும்ல?

#10 மழைக்கால_மருத்துவர் (திருநெல்வேலி டவுண்)

மறுப்புல ஞாயம் இருக்கு. ஆக்ஸிஜனா ஊசியான்னு கேட்டா நானும் ஆக்ஸிஜன்னுதான் சொல்வேன். 1918-ல செத்தவங்கள்ல பெரும்பாலானவங்க ஃப்ளூவுக்குப் பின்னால வந்த பாக்டீரியா நிமோனியாவுலதான் செத்தாங்கன்னு பிற்கால ஆய்வுகள் சொல்லுது. அதுக்கு ஆன்டிபயாட்டிக்கும் ஆக்ஸிஜனும் வேணும்.

ஆனா எல்லாருக்கும் ஊசின்னு அக்கா சொல்லலையே. உலக சுகாதார நிறுவனம் 2012-லயே கர்ப்பிணிகளை முதல் வரிசையில வச்சுது. காரணம், ஆறு மாசத்துக்குள்ள பிள்ளைக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. தாய்க்குப் போட்டா எதிர்ப்பொருள் தொப்புள்கொடி வழியா பிள்ளைக்குப் போகும். ஒரு ஊசியில ரெண்டு உயிர். அடுத்து மருத்துவப் பணியாளர்கள். செவிலி அக்கா ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குதாங்க? அவங்களுக்கே ஃப்ளூ வந்தா எத்தனை வீட்டுக்குப் போகும்? பெறவு டயாலிசிஸ், நாள்பட்ட நுரையீரல் நோய், சர்க்கரை உள்ள முதியவங்க. இவ்வளவு பேருக்கு மட்டும்னா செலவு அடங்கும். அதுலயும் அந்தந்தப் பக்கத்துச் சரியான மாசத்துல போட்டாத்தான் போட்ட காசுக்குப் பலன். டீச்சர் கேள்வி பணத்தோடயும் சேந்ததுதான்.

#11 வரவுசெலவு (என்.ஜி.ஓ. காலனி)

கர்ப்பிணிகளுக்குங்கிறதுல எனக்கு மறுப்பு இல்ல. மத்தவங்களுக்கு முதல்ல ஒரு வட்டாரத்துல போட்டு, ஆஸ்பத்திரியில சேர்றவங்க குறையுறாங்களான்னு ரெண்டு மழைக்காலம் எண்ணிப் பாத்துட்டு அப்புறம் விரிக்கலாம். எண்ணாம விரிக்காதீங்க, அதுதான் நான் கேக்கிறது.

#12 நத்தைகுத்தி (கூந்தன்குளம்)

பறவை பத்தியும் ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா எங்க ஊர்க் குளத்துக்கு ஆபத்து வந்தா அது பறவைக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து.

எங்க ஊர் வேப்பமரத்துலயும் புளியமரத்துலயும் சங்குவளை நாரை கூடு கட்டும். அதுகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வைக்காத ஊர் எங்களுது. பனிக்காலத்துல பட்டைத்தலை வாத்து இமயத்தைத் தாண்டி வரும். 2005-ல சீனாவுல சிங்காய் ஏரியில எச்5என்1 பறவைக்காய்ச்சல்ல ஆயிரக்கணக்கான பறவை செத்துச்சு, அதுல அதிகம் செத்தது இந்தப் பட்டைத்தலை வாத்துதான். அதைப் படிச்சதுல இருந்து எங்களுக்கு ஒரு கவலை. ஃப்ளூ வைரஸ் குடும்பத்துல பெரும்பாலானதுக்குத் தாய்வீடு நீர்ப்பறவைதாங்கிறாங்க. 1997-ல ஹாங்காங்ல கோழியில இருந்து 18 பேருக்குத் தொத்தி 6 பேர் செத்தப்ப, அங்க இருந்த கோழியை எல்லாம் அழிச்சுத்தான் நிறுத்துனாங்க. 2024-ல அமெரிக்காவுல கறவை மாட்டுக்கே வந்துட்டு.

நமக்குப் பக்கத்துல ஆலப்புழையில வாத்துக்கு அடிக்கடி வருது, 2014-ல, 2021-ல, 2024-லயும் வந்துச்சு. அப்பல்லாம் புளியரை செக்போஸ்ட்ல வண்டிக்கு மருந்தடிச்சு, கோழி வண்டியைத் திருப்பி அனுப்புவாங்க. அது அவசியமான வேலை. ஆனா பறவை ஆகாசத்துல வரும், செக்போஸ்ட்ல நிக்காது. எங்க ஊர்ல நாங்க வச்சிருக்கிற முறை: குளத்துல ஒண்ணு ரெண்டுக்கு மேல பறவை செத்துக் கிடந்தா கையால தொடாம வனத்துறைக்கும் கால்நடை டாக்டருக்கும் சொல்லணும். மாதிரி போபால் லேப்புக்குப் போகும். வீட்டுக் கோழியைக் குளத்தங்கரையில விடக்கூடாது. கூட்டுல இருந்து விழுற குஞ்சைத் தூக்கிட்டு வந்து வளக்கிற பிள்ளைங்க சோப்பு போட்டுக் கை கழுவணும். பயந்துபோய் யாரும் கூட்டைக் கலைக்கக்கூடாது. கலைச்சா பறவை சிதறிப்போய் இன்னும் பரவும்.

#13 ஐஸ்பெட்டி (மகாராஜநகர்)

நத்தைகுத்தி அண்ணாச்சி சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. ஃப்ளூ வைரஸோட மரபணு எட்டுத் துண்டா இருக்கு. ஒரே செல்லுக்குள்ள ரெண்டு வகை நுழைஞ்சா துண்டுகள் இடம்மாறிப் புது வைரஸ் பிறக்கலாம். 2009-ல வந்த எச்1என்1-ல பன்றி, பறவை, மனுசன் மூணு பக்கத்துத் துண்டும் இருந்துச்சு. கோழிப்பண்ணையில வேலை செய்யறவங்களுக்குச் சாதாரண ஃப்ளூ ஊசி போடச் சொல்றது இதுக்காகத்தான். பறவைக்காய்ச்சலை அது தடுக்காது, ஆனா ஒரே ஆளுக்குள்ள ரெண்டும் ஒண்ணு சேர்ற வாய்ப்பைக் குறைக்கும். பண்ணைக்காரங்களுக்குக் காய்ச்சல் வந்தா "கோழி வேலை பாக்கேன்"னு டாக்டர்கிட்ட சொல்லணும். சொன்னாத்தான் அந்தக் குப்பி தனியாப் போகும்.

#14 பொருநைக்கரை (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் நன்றி. அம்மா ஆடி முழுக்க தென்காசியிலதான் இருக்கப்போறாங்க, அதனால இந்த வாரமே போட்டுருதோம். அண்ணன் பிள்ளைக்கும் இதுதான் முதல் தடவை. ரெண்டு டோஸ் வேணுமா டாக்டர்?

பள்ளிக்கூடத்துல ஒரு வேலை ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். ஒவ்வொரு வகுப்புலயும் காய்ச்சல், இருமலுக்கு லீவு போட்ட பிள்ளைங்க எத்தனைன்னு வாரா வாரம் ஒரு நோட்டுல எழுதுறது. பேர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். கடையத்துலயும் வள்ளியூர்லயும் எனக்குத் தெரிஞ்ச டீச்சர்ஸ் ரெண்டு பேர் சரின்னுட்டாங்க. ஐஸ்பெட்டி தம்பி, இந்த எண்ணிக்கையால லேப்புக்கு ஏதாவது பிரயோசனம் உண்டா?

#15 மழைக்கால_மருத்துவர் (திருநெல்வேலி டவுண்)

ஒன்பது வயசுக்குள்ள முதல் தடவைன்னா நாலு வாரம் இடைவெளி விட்டு ரெண்டு டோஸ். அடுத்த வருஷத்துல இருந்து ஒண்ணு போதும். சாரலுக்கு முன்ன ரெண்டாவது முடியணும்னா முதலாவதைத் தள்ளிப் போடாதீங்க.

#16 ஐஸ்பெட்டி (மகாராஜநகர்)

உண்டு டீச்சர். லீவு எண்ணிக்கை திடீர்னு ஏறுற வாரம் எதுன்னு தெரிஞ்சா, அந்த வாரம் அந்த ஊர்ல மாதிரி எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். மழை பெஞ்ச நாளையும் பக்கத்துலயே குறிச்சு வைங்க. சனி, ஞாயிறு, பொங்கல் லீவு, பரீட்சை லீவு வர்ற வாரத்துக்குத் தனி அடையாளம் போடுங்க, இல்லைன்னா கணக்கு குழம்பும். பள்ளிக்கூடம் திறக்கிற முதல் வாரத்துல இருந்தே ஆரம்பிச்சுருங்க. கட்டம் போட்ட மாதிரிப் படிவம் ஒண்ணு இன்னிக்கு ராத்திரி இங்கேயே போடுதேன், மூணு பள்ளிக்கூடமும் அதையே எடுத்துக்கலாம்.